என்ஜினைக் கழுவிய பிறகு வண்டி மிஸ் அடித்தால்

ஆயுத பூஜைக்கு முந்தைய ஓரிரு நாட்களில் தமிழ்நாட்டில் வாட்டர் சர்வீஸ் கடைகளில் வரிசை நீண்டுவிடும். காரின் வெளிப்புறம் கழுவியாகிவிட்டால் பானெட்டையும் திறந்து, "உள்ளேயும் ஒரு அடி அடிச்சிடுங்க" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வண்டியை விற்கப் போகிறவர், எலி கூடு கட்டிய நாற்றம் தாங்காதவர், ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க நினைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். உள்ளே போகும்போது ஒழுங்காக இருந்த வண்டி வெளியே வரும்போது குலுங்குகிறது, இழுவை இல்லாமல் தடுமாறுகிறது, சில நேரம் ஸ்டார்ட்டே ஆவதில்லை. மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது.

இந்த அத்தியாயம் அந்த நேரத்துக்கானது. படிப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கழுவிய உடனே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஈரம் போனதும் தானாகச் சரியாகிவிடுபவை. அவற்றைப் பெரிய செலவாக மாற்றுவது நம் அவசரம். திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பது, குலுங்கும் வண்டியை அப்படியே வீடுவரை ஓட்டுவது, காயவைக்காமல் காயிலையும் சென்சாரையும் மாற்றுவது ஆகிய மூன்றுமே அந்த அவசரத்தின் வடிவங்கள். முதலில் ஈரத்தை எடுக்க வேண்டும். பாகத்தைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

மழையில் வராத கோளாறு இப்போது ஏன் வருகிறது?

"கொட்டுகிற மழையில் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மழை மேலிருந்து விழுகிறது. பானெட் அதைத் தடுக்கிறது. சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீரைக் கீழேயுள்ள தடுப்புகள் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே வருவது சாரல் மட்டுமே. என்ஜின் பகுதியில் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களும் ரப்பர் சீல்களும் அந்தச் சாரலையும், தற்செயலாகத் தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும்படி செய்யப்பட்டவை.

பிரஷர் கன் அடிக்கும் தண்ணீர் வேறு வகை. மின்பாகங்களின் நீர்த்தடுப்பைக் குறிக்கும் ஐபி 67 என்ற தரத்துக்கான சோதனை, பாகத்தை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்க வைப்பது. அந்த ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார். வீட்டில் பயன்படுத்தும் சிறிய பிரஷர் வாஷரே குழல் முனையில் 100 பார் அளவுக்கு அழுத்தம் தரக்கூடியது. தூரம் கூடக்கூட அந்த வேகம் குறையும் என்றாலும், கன்னை ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தால் சீலின் உதடு விலகி, தண்ணீர் உள்ளே போய்விடும். மூழ்கினாலும் நனையாத கப்ளர் இப்படித்தான் நனைகிறது.

இரண்டாவது காரணம் சூடு. ஓடிவந்த என்ஜினில் கப்ளருக்குள்ளும் சென்சாருக்குள்ளும் இருக்கும் காற்று சூடாகி விரிந்திருக்கும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது சீலின் ஓரத்தில் நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடான என்ஜினைக் கழுவக் கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மூன்றாவது காரணம் நம் ஊர்த் தண்ணீர். சுத்தமான நீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது. பல ஊர்களில் வாட்டர் சர்வீஸுக்குப் பயன்படுத்துவது உப்பு மிகுந்த போர் தண்ணீர். கரைந்த உப்பு மின்கசிவுக்கு வழி போட்டுக்கொடுக்கிறது. தண்ணீர் காய்ந்த பிறகும் அந்த உப்பு அங்கேயே படிந்து கிடக்கும். பிறகு பனியிலும் மழையிலும் காற்றின் ஈரத்தை வாங்கி மறுபடியும் கடத்தத் தொடங்கும்.

தண்ணீர் தங்கும் இடங்கள்

பிளக் குழி: இப்போதைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பார்க் பிளக் என்ஜின் தலையின் நடுவே ஆழமான குழிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் நேரடியாக உட்கார்ந்திருக்கும். குழியில் இறங்கிய தண்ணீர் எளிதில் வெளியேறாது. சில என்ஜின்களில் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. அதைச் சேறு அடைத்திருந்தால் அதுவும் பயன்படாது. காயில் தரும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். அந்த மின்சாரம் பிளக்கின் முனையில் தீப்பொறியாகப் பாய வேண்டும். குழியில் ஈரம் இருந்தால் காயிலின் ரப்பர் உறையை ஒட்டி இறங்கி என்ஜின் தலையிலேயே எர்த் ஆகிவிடும். அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியாது. வண்டி மிஸ் அடிக்கும். கழுவிய பின் வரும் புகார்களில் இதுவே முதலிடத்தில் இருப்பது.

பழைய கார்பரேட்டர் வண்டிகளான அம்பாசடர், முதல் தலைமுறை மாருதி 800 போன்றவற்றில் இதே வேலையை டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் ஒயர்களும் செய்தன. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் வியர்த்தாலே ஸ்டார்ட் ஆகாது. மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் ஓடிவிடும்.

சென்சார் கப்ளர்கள்: கிராங்க் சென்சார், கேம் சென்சார், காற்றின் அளவை அல்லது அழுத்தத்தை அளக்கும் சென்சார், த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்ளர் உண்டு. இவற்றில் ஒரு துளி தண்ணீர் இருந்தாலும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குப் போகும் அளவு தவறாகலாம்.

ஆல்டர்நேட்டர்: காற்றோட்டத்துக்காக இதன் உடலில் திறப்புகள் இருக்கும். நேராகத் தண்ணீர் அடித்தால் உள்ளே உள்ள பிரஷ்களும் அவை தேயும் வளையங்களும் நனையும். பேட்டரி விளக்கு எரியும்.

ஃபியூஸ் பாக்ஸ்: மூடி சரியாகப் பூட்டாமல் இருந்தால் ரிலேக்களின் காலடியில் தண்ணீர் நிற்கும்.

ஏர் ஃபில்டர் பெட்டி: காற்று உள்ளிழுக்கும் வாயில் நேராக அடித்தால் ஃபில்டர் நனையும். நிறையத் தண்ணீர் போயிருந்தால் அது சிலிண்டருக்குள்ளேயே இறங்கக்கூடும்.

சைலன்சர் பக்கம்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பொருத்தியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குள் இருப்பது பீங்கான். கொதிக்கும் நிலையில் அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே விரிசல் விடலாம். இது காயவைத்துச் சரியாகாத கோளாறு.

முதலில் செய்யக் கூடாதவை

ஸ்டார்ட் ஆகவில்லையா? இரண்டு முறை, ஒவ்வொன்றும் 5 வினாடிக்குள், முயன்று பாருங்கள். அதற்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் சிலிண்டருக்குள் போய் பிளக்கை நனைக்கிறது, பேட்டரியும் இறங்குகிறது. பிறகு ஈரம் காய்ந்தாலும் பெட்ரோலில் நனைந்த பிளக்கால் ஸ்டார்ட் ஆகாது.

செல்ஃப் அடிக்கும்போது "டொக்" என்று ஒரு சத்தத்துடன் என்ஜின் சட்டென்று நின்றுபோனால், உடனே சாவியை எடுத்துவிடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். காற்றைப்போலத் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. மறுபடி முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த வண்டியை டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே என்ஜினைச் சுற்றிப் பார்க்கலாம்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் குலுங்குகிறது என்றால் என்ஜின் விளக்கைக் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் ஈசியூ ஒரு கோளாறைப் பதிவு செய்திருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால், கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குக் கடுமையாக மிஸ் அடிக்கிறது என்று பொருள். அப்போது ஓட்டக் கூடாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் உள்ளே உள்ள பீங்கான் வலை அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஈரமான பிளக் குழிக்கு ஆகும் செலவு ஒரு துணியும் கொஞ்சம் காற்றும். கன்வர்ட்டரின் விலையோ ஒரு காயிலின் விலையைப்போலப் பல மடங்கு.

கொதிக்கும் என்ஜின்மேல் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அது தண்ணீரை விலக்கும், ஆனால் எளிதில் தீப்பற்றும்.

அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தல்

கடையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சில கிலோமீட்டர் போன பிறகு குலுங்க ஆரம்பித்தால் பிளக் குழியைச் சந்தேகப்படுங்கள். என்ஜின் சூடானதும் குழியில் தேங்கிய தண்ணீர் ஆவியாகி, காயிலின் ரப்பர் உறைக்குள் ஏறிப் படிகிறது.

ஐடிலில் ஒரே தாளத்தில் குலுங்கி, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது இழுவை இல்லாமல் தடுமாறினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இதுவும் பெரும்பாலும் பிளக், காயில் பக்கமே.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் எரியவே இல்லை. ஆர்பிஎம் முள்ளும் அசையவில்லை என்றால் கிராங்க் சென்சார் கப்ளரைப் பாருங்கள்.

செல்ஃப் சுற்றவே இல்லை, "டக்" என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், ஃபியூஸ் பாக்ஸின் ரிலே ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

ஐடில் வழக்கத்தைவிட உயர்ந்து நின்று, எங்கோ "உஸ்ஸ்" என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் இது ஈரக் கோளாறாக இருக்காது. கழுவும்போது கைபட்டோ தண்ணீரின் வேகத்திலோ ஒரு வேக்யூம் குழாய் கழன்றிருக்கலாம். ஏர் ஃபில்டர் குழாயின் கிளிப் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிளம்பிய சில நிமிடங்கள் பெல்ட் கிறீச்சிட்டு, பிறகு நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஈரமான பெல்ட் வழுக்கியிருக்கிறது. சத்தம் நிற்காமல் பேட்டரி விளக்கும் எரிந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். என்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யவில்லை.

காயவைக்கும் முறை

தேவைப்படுபவை: 10 எம்எம் ஸ்பானர், பஞ்சு பிரியாத காய்ந்த துணி, ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, காற்று. வீட்டில் ஏர் கம்ப்ரஸர் இல்லையென்றால் கவலை வேண்டாம். பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கும். அங்கே கேட்டால் ஏர் கன்னைத் தருவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; குழியிலிருந்து தண்ணீரும் மண்ணும் முகத்தில்தான் தெறிக்கும்.

முதல் படி, சாவியை எடுத்துவிட்டு என்ஜின் ஆறும்வரை காத்திருங்கள். அலுமினிய என்ஜின் தலையில் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மறை கெட்டுவிடும். காத்திருக்கும் நேரத்தில் பானெட்டைத் திறந்து வைத்து, வண்டியை வெயிலில் நிறுத்துங்கள்.

இரண்டாம் படி, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். மியூசிக் சிஸ்டத்துக்கு ரகசிய எண் கேட்கும் வண்டியாக இருந்தால் அதை முன்கூட்டியே குறித்து வைத்திருங்கள். ஸ்கேனர் வைத்திருப்பவர்கள், கழற்றுவதற்கு முன்பே கோளாறு எண்களைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் அவை அழிந்துவிடும்.

மூன்றாம் படி, என்ஜினின் மேல் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் மேலே இழுத்தால் வந்துவிடும். அதன் அடியில் தேங்கிய தண்ணீரைத் துணியால் எடுங்கள்.

நான்காம் படி, காயில்களின் கப்ளர்களைப் பூட்டை அழுத்தி விடுவியுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். போல்ட்டை எடுத்துவிட்டு, காயிலை இடதும் வலதுமாகச் சற்றே திருப்பி மேலே இழுங்கள். எந்தக் காயில் எந்த சிலிண்டருடையது என்று மார்க்கரால் எண் போடுங்கள். ரப்பர் உறையின் உள்ளும் வெளியும் துடைத்து நிழலில் வையுங்கள்.

ஐந்தாம் படிதான் மிக முக்கியம். பிளக்கை உடனே கழற்றாதீர்கள். குழிக்குள் தண்ணீர் தெரிந்தால், ஸ்க்ரூடிரைவரின் முனையில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். பிறகு காற்று அடியுங்கள். குழி முழுதும் காய்ந்த பிறகே பிளக் ரெஞ்சைத் தொட வேண்டும். தண்ணீர் இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அது மண்ணோடு சேர்ந்து நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

குழியில் இருப்பது தண்ணீர்தானா என்றும் பாருங்கள். ஆயிலாக இருந்தால் கழுவியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. டாப் கவர் கேஸ்கெட்டோ பிளக் குழியின் சீலோ போயிருக்கிறது. அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால், புதிய காயிலின் ரப்பரும் ஆயிலில் ஊறிக் கெடும்.

ஆறாம் படி, கைக்கு எட்டும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் காற்று அடித்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, அது ஆவியாகும்வரை விட்டுவிட்டு, "கிளிக்" என்ற சத்தம் வரும்வரை மறுபடி அழுத்திப் பூட்டுங்கள். பாதி பூட்டிய கப்ளர் ஈரத்தைவிடப் பெரிய தொல்லை. ஃபியூஸ் பாக்ஸின் மூடியையும் திறந்து காற்றாட விடுங்கள். கொதிக்கும் காற்றை வீசும் ஹீட் கன் வேண்டாம். கப்ளரின் பிளாஸ்டிக் இளகிவிடும். தலைமுடி காயவைக்கும் டிரையரைக் குறைந்த சூட்டில் பயன்படுத்தலாம்.

ஏழாம் படி, ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். காகித ஃபில்டர் நனைந்து உருக்குலைந்திருந்தால் புதிதாக மாற்றுங்கள். அதற்கு அப்பால், த்ராட்டில் பாடிக்குப் போகும் குழாயில் தண்ணீர் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

கடைசியாக, ரப்பர் உறையின் உள் உதட்டில் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவி, எல்லாவற்றையும் எண் பார்த்துப் பொருத்துங்கள். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் 15 முதல் 20 நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். மிச்ச ஈரத்தை என்ஜினின் சூடே எடுத்துவிடும். பேட்டரியைக் கழற்றியதால் முதலில் ஐடில் சற்று ஏறி இறங்கலாம். ஈசியூ மறுபடி பழகிக்கொண்டதும் நிலைக்கு வரும்.

காய்ந்த பிறகும் மிஸ் அடித்தால்

இப்போதுதான் பாகத்தின் பக்கம் திரும்ப வேண்டும். பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடியிருந்தால், ஈரத்தின் வழியாக மின்சாரம் பாய்ந்து கரியால் பாதை போட்டுவிட்டது என்று பொருள். தண்ணீர் போன பிறகும் மின்சாரம் அந்தக் கரிப் பாதையிலேயே போகும். இதே கோடு காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் விழுந்திருக்கும். பிளக்கையும் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதில் உள்ள கோடு புதியதிலும் ஒரு கோட்டை உண்டாக்கிவிடும்.

காயிலே கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால், புதிது வாங்குவதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. மிஸ் அடிக்கும் சிலிண்டரின் காயிலை வேறொரு சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் அந்தக் காயிலோடு இடம் மாறினால் காயில்தான் கெட்டது. பழைய சிலிண்டரிலேயே நின்றால் பிளக், ஒயரிங், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எந்த சிலிண்டர் என்று தெரிந்துகொள்ள ஸ்கேனர் உதவும். டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சிறிய புளூடூத் ஸ்கேனரைச் செருகிக் கைபேசியில் படிக்கலாம். பி0301 முதல் பி0304 வரையுள்ள எண்கள் முறையே 1 முதல் 4 வரையுள்ள சிலிண்டர்கள் மிஸ் அடிப்பதைச் சொல்கின்றன. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறிமாறி நடக்கிறது. பி0335 கிராங்க் சென்சார் பக்கம், பி0340 கேம் சென்சார் பக்கம், பி0135 ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் பக்கம், பி0562 மின்னழுத்தக் குறைவு.

இந்த எண்கள் சொல்வது கோளாறு எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதை மட்டுமே. "பி0335 வந்துவிட்டது, கிராங்க் சென்சாரை மாத்துங்க" என்று யாராவது சொன்னால், கப்ளரைக் கழற்றிக் காயவைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். எண்களை அழித்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும் எண்ணுக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

ஆயில் டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆயில் வெளிறிக் குழம்பிப்போய், அளவும் கூடியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது.

சில வாரங்கள் கழித்து வரும் கோளாறு

உடனே ஒன்றும் ஆகாமல் ஒரு மாதம் கழித்துத் தலைகாட்டும் கோளாறும் உண்டு. கப்ளருக்குள் தங்கிய ஈரமும் உப்பும் பித்தளைப் பின்களை மெல்ல அரித்து, பச்சை பூக்க வைக்கும். அப்போது வண்டி ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் திணறும். மழைக்காலக் காலையில் குலுங்கி, மதியம் சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் நேரத்தில் கோளாறே இருக்காது. இப்படி வந்துபோகும் கோளாறுக்கு, அண்மையில் எப்போது கழுவினீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவர் தேடும் நேரம் பாதியாகக் குறையும். பச்சை லேசாக இருந்தால் காண்டாக்ட் கிளீனரும் சிறு பிரஷும் போதும். பின் அரித்து மெலிந்திருந்தால் கப்ளரையே மாற்ற வேண்டும்.

டீசல், சிஎன்ஜி, ஹைப்ரிட் வண்டிகள்

டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் பிளக் குழித் தொல்லை இல்லை. ஆனால் இப்போதைய காமன் ரெயில் டீசல்களில் இன்ஜெக்டர் கப்ளர், ரெயில் பிரஷர் சென்சார், ஏர் ஃப்ளோ சென்சார் ஆகியவை நனைந்தால் வண்டி இழுவையை இழந்து, குறைந்த வேகத்துக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். காயவைக்கும் முறை ஒன்றே.

சிஎன்ஜி வண்டிகளில் வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. ஆகவே பெட்ரோலில் தெரியாத சிறு ஈரம்கூட சிஎன்ஜியில் மிஸ்ஸாக வெளிப்படும். பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் பானெட்டுக்குள் பிரஷர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஈரக் கோளாறு வந்தால் ஆரஞ்சு ஒயரையோ அதன் கப்ளரையோ நீங்கள் தொடாமல், பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

கழுவித்தான் ஆக வேண்டும் என்றால்

என்ஜின் பகுதியில் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று பல கார்களின் உரிமையாளர் கையேட்டிலேயே எழுதியிருக்கும். வண்டியை விடும்போதே "பானெட்டுக்குள்ள தண்ணி அடிக்காதீங்க, தம்பி" என்று சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் வழக்கப்படி அடித்துவிடுவார்கள்.

கழுவ உண்மையான தேவை இருந்தால் இப்படிச் செய்யுங்கள். உள்ளங்கையை என்ஜின்மேல் வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவுக்கு அது ஆறியிருக்க வேண்டும். முதலில் காற்றடித்துத் தூசி, சருகு, எலிக்கூடு எல்லாவற்றையும் எடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். எலி கடித்துச் செம்பு தெரியும் ஒயர் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், பேட்டரி, காயில் பகுதி, காற்று உள்ளிழுக்கும் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் மூடிக் கட்டுங்கள். ஆயில் பிசுக்கு உள்ள இடத்தில் டிகிரீஸரை அடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் பிரஷால் தேயுங்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டுமென்றால் குழாயின் மெல்லிய தூறல் போதும். பிறகு காற்றடித்து, பைகளை அவிழ்த்து, பானெட்டைத் திறந்து வைத்துக் காயவிட்டு, அதன் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

சில கடைகளில் கடைசியாகப் பளபளப்புக்காக டீசலைப் புகைபோல அடிப்பார்கள். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். டீசல் பட்ட ரப்பர்க் குழாயும் பெல்ட்டும் ஊறித் தளரும். அந்தப் பிசுக்கில் தூசி முன்னைவிட வேகமாக ஒட்டும். சூடான மேனிஃபோல்டில் டீசல் படிந்தால் புகையும், தீ ஆபத்தும் உண்டு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. அதை ஸ்டார்ட் செய்ய முயலாமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்ல வேண்டும்.

கழுவிய வண்டி திணறினால் பயப்படாதீர்கள். சாவியை எடுங்கள், காத்திருங்கள், காயவையுங்கள். ஒரு மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலான வண்டிகள் எந்தச் செலவும் இல்லாமல் பழையபடி ஓடும். யாராவது காயிலையோ சென்சாரையோ மாற்றச் சொன்னால், ஈரம் முழுதாகப் போன பிறகும் கோளாறு இருக்கிறதா என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பதில் கிடைக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.